ஒரு நாள் கேட்டுக்கு உள்ளே, ஒரு நாள் வெளியே

என் தம்பியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியைப் போட்டால் ஒரு பெரிய இரும்பு கேட்டுக்கு முன்னால் நின்று கண் கலங்குவானே, அவன்தான். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி ஒரு பத்திரிகைக்காரர் என்னைத் தேடி வந்தார். நல்லதாகத்தான் வேண்டுமென்றால் அவனிடமே கேளுங்கள், தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்வது அவனுக்குக் கைவந்த கலை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இது நானாக எழுதுவது.

தொடரில் அவன் பணக்கார வீட்டில் வளர்ந்த பிள்ளை. எல்லோரும் ‘சின்னவர்’ என்று கூப்பிடுவார்கள். அந்த வீட்டு கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்தான் அவனைப் பெற்ற அப்பா என்று ஒரு நாள் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதோடு கதையை முடித்திருக்கலாம். முடிப்பார்களா? திங்கட்கிழமை வாட்ச்மேன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதைவிட எனக்கு வேறு என்ன பெருமை என்று உருகுவான். புதன்கிழமை காரில் வந்து நின்று, கண்ணாடியைக்கூட இறக்காமல், ‘கேட்டைத் திற’ என்பான். வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு, ‘நான் யாரு?’ என்று நிலைக்கண்ணாடியைக் கேட்பான். கண்ணாடி பாவம், என்ன சொல்லும்.

நான் ஒரு கேஸ் ஏஜென்சியில் ஃபோன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஆபீஸ் பெண்களெல்லாம் சின்னவருக்காக உருகிப்போவார்கள். “பாவம்க்கா உங்க தம்பி. மனசு எப்படித் தத்தளிக்குது பாருங்க” என்பார்கள். தத்தளிப்பாவது மண்ணாங்கட்டியாவது. அவனைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் சாப்பாடு சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவன் அவன். தொடருக்காக அவன் புதிதாக ஒன்றும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அப்பா தகர டப்பா செய்யும் ஆலையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். மேலிருந்து இறங்கும் இரும்பு, தகட்டை ஒரே அடியில் மூடியாக வெட்டிப் போடும். அந்த அடிக்கு இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு இரண்டு காதையும் கொடுத்தார். அவருக்கு முழுசாகக் காது போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அப்பாவிடம் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். பேசி என்ன பயன்? அவர் முன்னால் வந்து நின்று, உதட்டை மட்டும் நிதானமாக அசைப்போம். அவர் அதைப் படித்துக்கொள்வார். பதில் மட்டும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி வரும். அவர் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்குத்தான் தெரியாதே. “பாத்ரூம் பல்பு போயிடுச்சா?” என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போய்த் தன் பல்பைப் பார்த்துவிட்டு வருவார். எங்களுக்கு அசைக்கத்தான் தெரியும். படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் தம்பிதான் கெட்டிக்காரன். ஒவ்வொரு எழுத்தும் அவன் உதட்டில் அச்சடித்த மாதிரி விழும். அம்மா போன பிறகு அவனுக்கு எண் சொல்லிக்கொடுத்ததுகூட அப்பாதான். ஆலையில் கழித்துப்போட்ட மூடிகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணச் சொல்வார். ஏழு வரைக்கும் தம்பி ஒழுங்காக வருவான். அதற்கு அடுத்து ஒன்பதுக்குத் தாவிவிடுவான். எத்தனை தடவை சொன்னாலும் எட்டு வராது. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். “எட்டைத் தின்னுட்டான் பாரு, பெரிய வாய்டா உனக்கு” என்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவன் வேண்டுமென்று விட்டானோ என்னவோ. பிறகு அதுவே பழகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் போனதும் ஆட்டம் ஆரம்பித்தது. பசங்கள் அவனை ‘டப்பா’ என்றார்கள். உடனே அப்பாவை ஆலை மேனேஜர் ஆக்கிவிட்டான். ஒரு தடவை பெரிய பசங்கள் அவனை அடிக்க வந்தபோது, “எங்கப்பா பிரஸ் மெஷின் ஓட்டுறவரு, கை எப்படி இருக்கும் தெரியுமா? கூட்டிட்டு வரட்டுமா?” என்று மிரட்டினான். அன்றைக்கு மட்டும் தொழிலாளி மகன். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வேலை உடுப்போடு போய் நின்றபோது, அவரை மாடிப்படிக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்று டீச்சரிடம் சொன்னான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது நான். அன்றைக்கு விழுந்த வெறுப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

டிவிக்கு அவன் போனதும் அந்த உதட்டால்தான். அவனுக்குக் குரல் கிடையாது. கீச்சுக் குரல், கதவு திறக்கிற மாதிரி. ஆனால் தொடர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு ஆள் பின்னால் உட்கார்ந்து குரல் கொடுக்கிறார். அதற்கு வாயசைவு சுத்தமாக இருந்தால் போதும். இவனைப் பார்த்த டப்பிங்காரர், இந்தப் பையனுக்குக் குரல் கொடுப்பது வெண்ணெய் வெட்டுகிற மாதிரி என்றாராம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பேட்டியில் கேட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று தானாகப் பழகினேன் என்றான். அப்பாவின் முகத்துக்கு முன்னால் நின்று பழகியதை இப்படி ஒரே வாயில் விழுங்கிவிட்டான். பெரிய வாய்தான்.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாலு பேர் பார்க்க அவன் ‘இவர் என் அப்பா’ என்று சொல்ல வேண்டும். அதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இதை அவர் என்னிடம் வாய்விட்டே சொன்னார். அவர் வாய்விட்டுச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அதனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

போன வருஷம் சேனலில் ஒரு விழா வைத்தார்கள். நடிகர்கள் தங்கள் குடும்பத்தை மேடையில் ஏற்றிக் காட்டும் நிகழ்ச்சி. தம்பி ஃபோன் செய்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றான். மறுநாள், வேண்டாம், அப்பாவுக்கு அலைச்சல் என்றான். அதற்கு மறுநாள், இல்லை, வரட்டும், விழாவுக்கு முன்னால் ஷூட்டிங்கையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றான். அந்த வாரம் தொடரிலும் சின்னவர் இதே மாதிரிதான் ஆடிக்கொண்டிருந்தார். அப்பா புதுச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஷூட்டிங் நடந்தது ஒரு வாடகை பங்களாவில். அந்த இரும்பு கேட் வெறும் மரப் பலகை, மேலே கறுப்புப் பெயின்ட். சுவரை ஒட்டி ஒரு பெண் கையில் தாளோடு உட்கார்ந்து வசனத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் படிக்கப் படிக்க நடிகர்கள் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ஒரு மாமியார் மட்டும் ஆவேசமாகக் கை நீட்டி, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு சொன்னாள். “வசனத் தாள் இன்னும் வரலக்கா. வர்ற வரைக்கும் எண்ணச் சொல்லிடுவோம். குரல் அப்புறம்தானே போடுறோம். யாரு வாயைப் பார்க்கப் போறாங்க?”

“அப்ப சின்னவர் இன்னைக்கு அப்பாங்கிறாரா, இல்லைங்கிறாரா?” என்று கேட்டேன்.

“அது போன வாரம் எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறதைப் பொறுத்தது. சில சமயம் எடுத்ததுக்கு அப்புறம்கூட மாத்திடுவாங்க. இவரு ‘இல்ல’ன்னு சொல்லியிருப்பாரு, டப்பிங்ல ‘ஆமா’ன்னு ஆக்கிடுவாங்க.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. வீட்டில் நானும் அப்பாவும் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம். நான், “பாத்தீங்களா, இன்னைக்கு அப்பான்னு சொல்லிட்டான்” என்று வாயசைப்பேன். அவர், “இல்லையே, யாரு நீன்னுல்ல கேட்டான்” என்று கத்துவார். வயசாகிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன். நான் கேட்டது வேறு ஆளின் குரலை. அவர் பார்த்தது பிள்ளையின் வாயை. ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் இரண்டு கதை பார்த்திருக்கிறோம்.

அந்த நேரம் டைரக்டர் வந்தார். அப்பாவைப் பார்த்து, “யாரு இவரு?” என்று கேட்டார். தம்பி அப்பாவுக்கு நேர் எதிரே நின்றான்.

“தெரிஞ்சவர்தான் சார். ஃபேக்டரில வேலை பார்த்தவரு. நம்ம வாட்ச்மேன் ரோலுக்குப் பார்த்துக்க உதவும்னு வரச் சொன்னேன். இந்த மாதிரி ஆளுங்க எப்படி நிப்பாங்க, எப்படிப் பார்ப்பாங்கன்னு...”

அவன் குரலைக் குறைத்துச் சொன்னான். யாருக்காகக் குறைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்பாவுக்கு அவன் குரல் எப்போதும் தேவைப்பட்டதில்லை. அவன் உதடு வழக்கம்போல அச்சடித்த மாதிரி அசைந்தது. ‘தெரிஞ்சவர்தான்’.

டைரக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “ஐயா, கொஞ்சம் அந்த கேட் பக்கத்துல நில்லுங்களேன்” என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, போய் நின்றார். வாட்ச்மேனாக நடிப்பவர் எதிரே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்பா மடிப்புக் கலையாத சட்டையில், விரல் போன கையை முன்னால் கட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார்.

வராந்தாவில் தம்பியை ஓரமாக இழுத்து, “நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?” என்று கேட்டேன்.

“புரிஞ்சுக்கக்கா. போன மாசம் ஒரு பேட்டியில அப்பா இன்ஜினியர்னு சொல்லிட்டேன். திடுதிப்புனு மாத்த முடியாது. சமயம் வரும்போது நானே சொல்லிடுறேன்.”

“யாரு சமயம் பார்த்துச் சொல்லுவாங்க? சின்னவரா, நீயா?”

அவன் உள்ளே போய் உட்கார்ந்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டான்.

விழா மேடையில் அவன் ஏற்றியது அந்த வாட்ச்மேன் நடிகரைத்தான். என் திரை அப்பா, எனக்கு நிஜ அப்பாவே இவர்தான் என்று கட்டிப்பிடித்தான். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது, “சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு” என்று அப்பா வண்டி அதிரச் சொன்னார். பிறகு, “முதலாளி முன்னாடி நானும் எத்தனையோ சொல்லியிருக்கேம்மா. வேலைன்னா அப்படித்தான்” என்றார். அவர் அப்படிப் பூசி மெழுகியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து தொடரில் வாட்ச்மேன் இடது கையில் இரண்டு விரலை மடித்துக்கொண்டு நின்றார். என்ன நுணுக்கமான நடிப்பு என்று ஊரே மெச்சியது. அப்பா டிவியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

இதெல்லாம் போதாதென்று, தொடரில் சின்னவர் ஏழை அப்பாவுக்காகச் சொத்தை உதறிய வாரம், தம்பி இன்னொரு பேட்டி கொடுத்தான். நானும் ஒரு தொழிலாளியின் மகன்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை என்றான். பக்கத்திலேயே அவன் படம், மார்பில் கை வைத்துக்கொண்டு. எந்தத் தொழிலாளி, எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று ஒரு வரி கிடையாது. அடுத்த மாதம் சின்னவர் மறுபடி பங்களாவுக்குக் குடி போனார். இவனும் இன்ஜினியர் மகனாகத் திரும்பிவிட்டான்.

போன வாரம் ஃபோன் செய்தான். குரல் குழைந்திருந்தது.

“அக்கா, வெள்ளிக்கிழமை பெரிய சீன். சின்னவர் எல்லார் முன்னாடியும் கேட்கிட்ட வந்து வாட்ச்மேன் கால்ல விழுறாரு. முகத்தை மட்டும் பெரிசாக் காட்டுவாங்க. நாளைக்குத்தான் எடுக்குறோம். அதுல யாரு குரல் வேணா வரட்டும். என் வாய் அப்பாவுக்குத்தான் பேசும். ‘நீங்கதான் என் அப்பா’ன்னு அவருக்காகவே சொல்றேன். பார்க்கச் சொல்லுக்கா.”

நான் அதை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். சொல்லும்போது என் உதடுகூடச் சரியாக அசையவில்லை, அவர் இரண்டாவது தடவை கேட்டார். அப்புறம் வீட்டில் கால் நிற்கவில்லை அவருக்கு. வீட்டு ஓனர், ஓனர் மனைவி, பல்பு பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர், தையல் கடை அம்மா எல்லோரையும் தானே போய்க் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை என் பையன் சொல்லப் போறான்” என்று அவர் சொன்னது அடுத்த தெருவிலும் கேட்டிருக்கும். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். அவர் டிவிக்கு மிக அருகில், முட்டி தொடுகிற தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பழைய புதுச் சட்டைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சின்னவர் நடந்து வந்தார். மழை வேறு பெய்தது. கேட்டைத் தானே திறந்தார். வாட்ச்மேன் காலில் விழுந்து எழுந்தார். திரை முழுக்க என் தம்பியின் முகம். கண்ணீர் வழிகிறது, உதடு துடிக்கிறது, கணீரென்று ஒரு குரல் பேசுகிறது. “நீங்கதான் என் அப்பா. இந்த உலகத்துக்கே கேட்கட்டும். இந்தக் கையில வளராதது என் பாவம். இனிமே நான் சின்னவர் இல்ல, வாட்ச்மேன் மகன்.” தையல் கடை அம்மா மூக்கைச் சிந்தினார். வீட்டு ஓனர் கை தட்டினார். ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், நானும் நம்பிவிட்டேன். சொன்னபடி சொல்லிவிட்டானே என்று நினைத்தேன்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் சுண்டுவிரலை அழுத்தினார். அடுத்து மோதிர விரல். அடுத்தது. ஏதோ உணர்ச்சியில் பிடித்துக்கொள்கிறார் என்று இருந்தேன். முதல் கை முடிந்ததும் மற்றக் கையை எடுத்தார். ஆறாவது விரல், ஏழாவது விரல். எட்டாவதைத் தாண்டி ஒன்பதாவதை அழுத்தினார். பிறகு பத்து. பிறகு மறுபடி முதல் சுண்டுவிரல்.

நான் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்றேனே, அன்றைக்குப் படித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அழுதுகொண்டே, மழையில் நனைந்துகொண்டே, என் தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். வசனத் தாள் வந்திருக்காது. அந்த மூன்று சொல்லுக்குத் தாள் எதற்குடா?

அப்பா என் பக்கம் திரும்பினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் எங்களைப் போலப் பேசினார். குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார், நிதானமாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று.

‘எண்ணுறான்.’

அவ்வளவுதான். உடனே பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, தன் வழக்கமான குரலை எடுத்தார். “பாத்தீங்களா? அப்பான்னு சொல்லிட்டான் என் பையன். நான்தான் சொன்னேனே” என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் போகும்வரை அவர் சிரித்த முகமாகவே இருந்தார். போன பிறகு ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரம் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்தார். அந்தச் சட்டையைக் கிழித்துப் போடலாமா என்று எனக்கு வந்தது.

மறுநாள் ஆபீஸில் இருக்கும்போது அவன் ஃபோன் வந்தது. ஒரே உற்சாகம். எல்லா இடத்திலும் அதே பேச்சாம், யார் யாரோ கூப்பிட்டுப் பாராட்டினார்களாம்.

“அப்பா பார்த்தாரா?”

“பார்த்தாரு.”

“நான் சொன்னேன்ல? அவருக்காகவே சொன்னேன்க்கா. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “என்ன சொன்னாரு?” என்றான்.

“எட்டை விட்டுட்டியாம்” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வாயை அசைத்தானோ என்னவோ, ஃபோனில் அது எப்படித் தெரியும். நான் லைனைத் துண்டித்துவிட்டு, சிலிண்டர் கேட்டு அடித்துக்கொண்டிருந்த அடுத்த ஃபோனை எடுத்தேன்.